முதலில் போவது முடி

பட்டாளத்தில் சேர்ந்தவன் கைக்குத் துப்பாக்கி வந்து சேர நாளாகும். அதற்கு முன் அவனிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. முதலில் போவது முடி. கணினி முன் உட்கார்ந்து எழுத்துத் தேர்வு எழுதி, ஆள்சேர்ப்பு முகாமில் ஐந்தரை நிமிடத்துக்குள் 1,600 மீட்டர் ஓடி, கம்பியில் தொங்கிப் பத்துத் தடவை உடம்பை மேலே இழுத்து, மருத்துவர் முன் ஜட்டியோடு நின்று, எல்லாம் தாண்டி ரயிலேறிப் பயிற்சி மையத்துக்குள் நுழைகிறவனை உட்காரவைக்கும் முதல் நாற்காலி முடிவெட்டுகிறவருடையது.

என் அக்கா மகன் அப்படித்தான் போய் உட்கார்ந்தான். வடக்கே ஒரு மையம், பெயர் வேண்டாம். "ஒருத்தனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆவல மாமா. மெஷினை நெத்தியில வச்சு பின்கழுத்து வரைக்கும் நாலு இழுப்பு. அடுத்தவன் உக்காந்துட்டான்" என்றான், முதல் விடுப்பில் வந்தபோது. ஊரில் சலூனுக்குப் போனால் செல்போனில் படம் காட்டி, காதோரம் கோடு போடச் சொல்லி, அரைமணி நேரம் கண்ணாடியை முறைத்துக்கொண்டிருப்பான். அந்த முடி தரையில் கிடந்த குவியலில் எது என்று தெரியவில்லையாம். அதைவிட அவனைக் கலங்கடித்தது வேறு. ரயிலில் பக்கத்துப் படுக்கையில் வந்த தருமபுரிப் பையனைத் தேடினான். எதிரில்தான் நின்றிருக்கிறான். தலை மழித்த முகத்தை இவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவனுக்கும் இவனைத் தெரியவில்லை.

மொட்டை நமக்குப் புதிதில்லை. பழனியில் போட்டிருக்கிறோம், திருப்பதியில் போட்டிருக்கிறோம். வேண்டிக்கொண்டு கொடுத்த முடி அது. தலையைத் தடவிக்கொண்டு லட்டு வாங்கப் போய்விடலாம். இங்கே யாரும் வேண்டிக்கொள்ளவில்லை.

அதே வரிசையில் ஒரு சீக்கியப் பையன் நின்றான். மெஷின் அவனைத் தாண்டிப் போயிற்று. அவனுக்கு மட்டும் ஏன் விட்டார்கள் என்று என் மருமகன் என்னைக் கேட்டான். சீக்கியருக்கு முடி மதக் கடமை என்பது அவனுக்கும் தெரியும். பட்டாளம் அதற்கெல்லாம் கட்டுப்படுமா என்பதுதான் அவன் கேட்டது. பதிலில் பாதி எங்கள் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிறது. டவுன் பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மதராஸ் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் காலத்தில், 1805 இறுதியிலும் 1806 தொடக்கத்திலுமாக, சிப்பாய்களுக்குப் புதிய ஒழுங்குமுறை வந்தது. அணிவகுப்புக்கு வரும்போது நெற்றியில் சமயக்குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடி மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும். தலைக்கு ஒரு புதிய தலைப்பாகை. வெள்ளைக்காரன் தொப்பிபோலத் தெரிந்த அதில் தோலால் செய்த ஓர் அலங்காரமும் இருந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயப் படையினர் கொல்லப்பட்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தபின் கோட்டை மறுபடி கைமாறியது. சிப்பாய்களை மதிலோரம் நிறுத்திச் சுட்டார்கள். விடியுமுன் தொடங்கியது பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

தலைப்பாகை மட்டும்தான் காரணமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். திப்புவின் பிள்ளைகள் அதே கோட்டையில் காவலில் இருந்தார்கள். சம்பளக் குறையும் இருந்தது. என்றாலும் லண்டனில் இருந்தவர்கள் பாடத்தைப் படித்தது தலையிலிருந்துதான். ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. கிரடாக்கையும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஒரு மனிதனைப் படைவீரனாக மாற்றும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற பட்டியல் அதிலிருந்து மெல்ல மெல்ல உருவாயிற்று. 1857 அதை இன்னும் அழுத்தமாக எழுதிவைத்தது. இன்று படைமுகாம்களில் கோயிலும் குருத்துவாராவும் மசூதியும் தேவாலயமும் ஒரே கூரையின்கீழ் இருப்பதைப் பார்க்கலாம். மத ஆசிரியர் என்று சீருடை அணிந்த அலுவலர் ஒருவர் படியளந்து வைக்கப்பட்டிருக்கிறார். பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடில் அவரவர் நூலை வைத்து அவரவர் சத்தியம் செய்கிறார்கள். பார்க்க அழகான ஏற்பாடு. நல்லிணக்கம் என்று பாராட்டுகிறோம், பாராட்டுவதில் தவறில்லை. அடியில் இருப்பது ஒரு பழைய பேரம் என்பது என் எண்ணம். சாமியை உன்னிடமே விட்டுவிடுகிறேன், மற்றதெல்லாம் என்னுடையது.

அந்த மற்றதெல்லாம் எவ்வளவு என்று முதல் வாரத்தில்தான் பையனுக்குத் தெரிகிறது.

செல்போன் போயிற்று. ஊரிலிருந்து கொண்டுபோன சட்டை பேண்ட் பெட்டிக்குள் போயிற்று. பெயருக்கு முன்னால் ஒரு எண் வந்தது. விடியற்காலை விசில் அடித்தால் எழ வேண்டும். எழுந்ததும் சவரம், கொசுவலையை மடிக்கும் வேலை, பி.டி. அணிவகுப்பு. சாயங்காலம் கிந்தி, அதாவது ஆள் கணக்கெடுப்பு. இடையில் லங்கரில் தட்டை நீட்டினால் ரொட்டியும் ராஜ்மாவும். ராஜ்மாவை முதல் நாள் மொச்சை என்று நினைத்து ஆசையாக வாங்கினானாம். மெதுவாகச் சாப்பிடுகிறவன் பாதித் தட்டோடு எழுந்துவிட வேண்டும். வீட்டில் தோசைக்கு இரண்டு சட்னி இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை, நாலாவது நாள் ரொட்டியைச் சுருட்டிப் பருப்பில் முக்கி, மென்றும் மெல்லாமலும் விழுங்கக் கற்றுக்கொண்டான். இப்போது வீட்டிலும் அப்படித்தான் சாப்பிடுகிறான். அக்கா எதிரில் உட்கார்ந்து, "யார்றா உன்னைத் தொரத்தறாங்க" என்று கேட்டாள். அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தட்டு காலியாகியிருந்தது.

மொழிக்கு வருகிறேன். கட்டளைகள் எல்லாம் இந்தியில். சாவ்தான், விஸ்ராம், தாஹினே முட், பாயே முட். மைதானத்தில் முதல் காலை, 'தாஹினே முட்' என்ற சத்தம் கேட்டதும் தமிழ்ப் பையன்கள் எல்லோரும் முன்னால் நிற்பவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அரை விநாடி தாமதம். முன்னால் நின்றவனும் தமிழனாக இருந்தால் தொலைந்தது. என் மருமகன் இடப்பக்கம் திரும்பி, ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பையனோடு மூக்கும் மூக்கும் இடிக்க நின்றான். அந்தப் பையன் சிரித்தான். இவனும் சிரித்தான். இருவரையும் செம்மண்ணில் குட்டிக்கரணம் போட்டபடியே மைதானத்தின் ஓரம்வரை போய்த் திரும்பி வரச் சொன்னார் பயிற்சி தரும் உஸ்தாத். அன்று ராத்திரி, பக்கத்துப் பாரக்கிலிருந்த மதுரைக்கார நாயக் ஒருவர் வந்து தமிழ்ப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னார்: "சோத்தாங்கைப் பக்கம் தாஹினே, பீச்சாங்கைப் பக்கம் பாயே. வேற எதையும் யோசிக்காதீங்கடா." மறுநாளிலிருந்து தப்பு இல்லை.

1965 ஜனவரியில் இந்தியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மாநிலம் இது. அதே ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில் இதே மாநிலத்துப் பிள்ளைகள் இந்திக் கட்டளைக்கு நடந்தார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டுக் கட்டுரை எழுத ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஊரில் அப்படி மோதவில்லை. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவர் போன ஊர். அங்கே ஓய்வுபெற்றவர்கள் திண்ணையில் இந்தியில் திட்டிக்கொண்டு தமிழில் ஓட்டுப் போடுகிறார்கள். 1758-இல் தன் வரலாற்றைத் தொடங்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. தென்மாநிலப் பிள்ளைகளே நிறைந்த அங்கேயும் அணிவகுப்பு இந்தியில்தான். போர்முழக்கம் மட்டும் 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு'. பாய்கிற நேரத்தில் தாய்மொழிதான் வாயில் வரும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

பிறகு நடை. இருபது வருடமாக நடந்துகொண்டிருப்பவனுக்கு நடக்கத் தெரியாது என்று நிரூபிப்பதுதான் முதல் வாரத்தின் பெரிய வேலை. நிமிடத்துக்கு 120 அடி, ஒவ்வோர் அடிக்கும் 30 அங்குலம். கை தோள் மட்டத்துக்கு நேராக எழ வேண்டும், முழங்கை மடங்கக் கூடாது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வந்ததும் சிலருக்கு வலது கையும் வலது காலும் சேர்ந்து முன்னால் போய்விடும். வேண்டுமென்றே செய்து பாருங்கள், நாலடிகூடத் தொடர்ந்து போக முடியாது. பயத்தில் அது தானாக வரும்; நிறுத்தவும் முடியாது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார், டிரில் உஸ்தாதாக இருந்தவர். அப்படிப்பட்ட பையன் ஒவ்வொரு அணியிலும் ஒருவனாவது இருப்பான் என்கிறார். "திட்டினா இன்னும் மோசமாயிடும் தம்பி. தனியா கூட்டிட்டுப் போயி, பேச்சுக் குடுத்துகினே நடக்க வைக்கணும். ஊரு, தங்கச்சி, மாடு கண்ணுன்னு கேட்டுகினே போனா கை தானா சரியாயிடும்." எல்லா உஸ்தாதும் அப்படிப் பேச்சுக் கொடுக்கிறவர்களாக இருப்பதில்லை என்பதையும் அவரே சொன்னார்.

இந்த நடை எங்கிருந்து வந்தது? 1590களில் நெதர்லாந்தில் நாசாவ் மாரிஸ் என்ற இளவரசர் பழைய ரோமானிய, கிரேக்க நூல்களைப் புரட்டி, கூலிப்படையாகத் திரிந்தவர்களை வரிசையில் நிற்கவைத்துப் பழக்கினார். துப்பாக்கியில் மருந்திட்டுச் சுடுவதை நாற்பதுக்கு மேற்பட்ட அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து ஜேக்கப் டி கெய்ன் 1607-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவனும் பார்த்துச் செய்யலாம். நூற்றைம்பது வருடத்துக்குள் அது நம் கடற்கரைக்கு வந்துவிட்டது. 1746-இல் அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் பத்தாயிரம் பேரைப் பிரெஞ்சுக்காரர்களும் அவர்கள் பழக்கிய சிப்பாய்களுமாக ஆயிரம் பேர் அளவிலான ஒரு சிறு படை ஓடவிட்டது. நவாப் படையில் வீரத்துக்குக் குறைவில்லை. குதிரையும் இருந்தது, பீரங்கியும் இருந்தது. எதிரே வந்தவர்கள் ஆற்றைக் கடந்து, வரிசை கலையாமல் நின்று, சொன்ன நேரத்தில் சுட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அதைப் பார்த்த பிறகுதான் ஆங்கிலேயரும் விழித்துக்கொண்டு, ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்பவரின் கீழ் மதராஸ் சிப்பாய்களை வரிசைப்படுத்திப் பழக்கத் தொடங்கினார்கள். இன்று அடையாறு பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கும் யாருக்கும், இந்தியாவில் ஐரோப்பிய டிரில் தன் பலத்தை முதன்முதலில் காட்டிய இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்ற நினைப்பு வராது.

இயந்திரத் துப்பாக்கி வந்தபின் எந்தப் போர்க்களத்திலும் யாரும் வரிசையாக நடப்பதில்லை. நடந்தால் வரிசையாகச் சாக வேண்டியதுதான். பிறகு ஏன் இன்னும் முதல் வாரம் முழுக்க லெஃப்ட் ரைட்?

இந்த இடத்தில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவை இழுக்காவிட்டால் சிறுபத்திரிகைக்காரன் என்ற பட்டம் பறிபோய்விடும். சிறையைப் பற்றி 1975-இல் எழுதிய நூலில் அவர் சொன்னது, பதினேழாம் நூற்றாண்டுவரை படைவீரன் என்பவன் தோற்றத்திலேயே தெரிகிறவன், அதன்பின் களிமண்ணைப் பிடிப்பதுபோலப் பிடித்துச் செய்யப்படுகிறவன் என்று. அதிகாரம் உடம்புக்குள் எப்படி இறங்குகிறது என்பதை அவரைப்போலப் பார்த்தவர் இல்லை. ஆனால் அந்த உடம்பின் உள்ளே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. வில்லியம் மெக்நீல் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் சொன்னார். 1941-இல் அவரைப் பட்டாளத்துக்கு எடுத்து டெக்சாஸில் ஒரு முகாமில் போட்டார்கள். பழகப் போதிய பீரங்கிகூட இல்லாத இடம். பொழுதைப் போக்க மணிக்கணக்கில் நடக்கவிட்டார்கள். அர்த்தமில்லாத வேலை என்று அறிவுக்குத் தெரிந்தும், எல்லோரோடும் சேர்ந்து கால் விழுந்தபோது மனம் விரிந்து லேசானதை அவரால் மறக்க முடியவில்லை. ஐம்பது வருடம் கழித்து, 1995-இல், சேர்ந்தாடுவதும் சேர்ந்து நடப்பதும் மனித வரலாற்றில் செய்தது என்ன என்று அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார்.

என் மருமகனிடம் மெக்நீல் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டான். "பத்து நாள் வரைக்கும் தினமும் ஓடிப் போயிடலாம்னு இருந்துச்சு மாமா. ஒருநாள் காலையில எல்லார் பூட்ஸும் ஒரே சத்தமா விழுந்துச்சு. அத்தனை பேரும் ஒரே ஆள் மாதிரி. அன்னிக்கு உஸ்தாத் நிறுத்தச் சொன்னப்ப, இன்னும் கொஞ்ச நேரம் போகலாமேன்னு இருந்துச்சு." ஹவில்தார் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "பயம் போவாது தம்பி. எவனுக்கும் போவாது. பக்கத்துல இருக்கறவன் என்ன செய்வான்னு தெரிஞ்சா அது பாதியாயிடும். அதுக்குத்தான் இவ்ளோ லெஃப்ட் ரைட்டு."

நான் படித்த புத்தகங்களைவிட இந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. பயத்தைப் பங்கு போடக் கற்பிப்பதுதான் முதல் வாரம். தண்டனையும் அதே கணக்கில்தான் நடக்கிறது. பாரக்கில் கட்டில்மேல் பொருள்களை விரித்து வைக்கும் ஆய்வு ஒன்று உண்டு. கம்பளி இத்தனை மடிப்பு, அதன்மேல் சீருடை, பக்கத்தில் மெஸ் டின், கடைசியில் மக். எல்லா மக்கின் கைப்பிடியும் ஒரே திசையில். ஒருவனுடைய கைப்பிடி எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அவனை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, மற்ற எல்லோரையும் வெளியே மைதானத்தில் உருளச் சொன்னார்கள். ரகடா என்பார்கள் இதை. தப்புச் செய்தவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உருண்டிருந்தால் மறந்திருப்பான். நிற்கவைத்ததால், அடுத்த நாளிலிருந்து தன்னுடைய மக்கை மட்டுமல்லாமல் இருபுறமும் உள்ள கட்டில்களையும் சரிபார்த்துவிட்டுத்தான் படுத்தானாம்.

கொடுமையா, பாடமா? இரண்டுமே என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. செய்யாத தப்புக்கு முப்பது பேரை உருளவிடுவது அநியாயம். அந்த அநியாயம் வேலை செய்கிறது என்பதும் உண்மை. அதனால்தான் படைகள் அதை எளிதில் விடுவதில்லை. ஆனால் அது வேலை செய்கிறது என்பதையே நியாயமாக்கிக்கொண்டு, அறைவதும் உதைப்பதும் அதன் நிழலில் நுழைந்துவிடுகின்றன. பயிற்சி வேறு, உஸ்தாத் ஒருவருக்கு அன்று காலை இருந்த எரிச்சல் வேறு. மழித்த தலையோடு நிற்கிற பதினெட்டு வயதுப் பையனுக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. பிரித்தறியவேண்டியது மேலே இருப்பவர்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அவன் அணியில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன். மணிக்கட்டில் கலர் கயிறு கட்டியிருந்தான். தென்மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கயிறு எந்தச் சாதியைச் சொல்கிறது என்று விளக்க வேண்டாம். கல்வித்துறை சுற்றறிக்கை விட்டுப் பார்த்தது. நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கையே கொடுத்தது. அங்கே முடிவெட்டுகிறவர் கேள்வி கேட்காமல் கத்திரியால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டார். என் மருமகனுக்கு அதில் ஒரு திருப்தி; எனக்கும் இருந்தது. ஆனால் அந்தத் திருப்தியில் ரொம்ப நேரம் உட்கார முடியாது. கயிற்றை வெட்டுகிற இதே ராணுவத்தில்தான் ராஜ்புத், ஜாட் என்ற பெயர்களில் படைப்பிரிவுகள் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு மூன்று சமூகங்களிலிருந்து மட்டுமே ஆளெடுக்கும் வழக்கம் நீதிமன்றம்வரை போயிற்று. வீரத்துக்குப் பிறந்த சாதிகள் என்று பிரிட்டிஷார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போட்ட பட்டியலில் தமிழர்கள் கீழே தள்ளப்பட்டு, மதராஸ் காலாட்படை சுருங்கி, 1920களில் அநேகமாகக் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டபோது மறுபடி எழுப்பப்பட்டது. மணிக்கட்டுக் கயிறு எளிதில் அறும்.

பயத்தைப் பங்கு போடக் கற்றவர்கள் அதை எந்தப் பக்கம் கொண்டுபோவார்கள் என்பது கற்றுக்கொடுத்தவன் கையில் முழுதாக இல்லை. 1919-இல் ஜாலியன்வாலா பாகில் டயர் சொன்னதும் ஐம்பது துப்பாக்கிகள் சுட்டன; ஒருவன்கூட வரிசையை விட்டு விலகவில்லை. 1930 ஏப்ரலில் பெஷாவரில், நிராயுதபாணியாக நின்ற கூட்டத்தைச் சுடச் சொன்னபோது கட்வால் ரைஃபிள்ஸ் வீரர்கள் சுடவில்லை. அவர்களை முன்னின்று நடத்திய சந்திர சிங் கட்வாலிக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே நடை, ஒரே பயிற்சி. பெஷாவரில் தனியாக ஒருவன் மறுத்திருந்தால் அன்றே அவன் கதை முடிந்திருக்கும், சேர்ந்து மறுத்தார்கள். வேலூர்க் கோட்டையில் ஒரே இரவில் எழுந்தவர்களும் கம்பெனியின் டிரில் மைதானத்தில் சேர்ந்து கால் போடக் கற்றவர்கள்தான். அந்தச் சேர்ந்து நிற்றல் அவர்களுக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது. தலையைத் தொட்டதில் கம்பெனி பயந்ததாக நாம் படிக்கிறோம். தான் பழக்கிய கால்களைப் பார்த்துத்தான் அது அதிகம் பயந்திருக்க வேண்டும்.

முன்பெல்லாம் இந்தச் சேர்ந்து நிற்றல் பதினைந்து, இருபது வருடம் ஓடியது. ஓய்வுபெற்று வந்தாலும் ஹவில்தார் அண்ணன் விடியற்காலையில் எழுந்துவிடுகிறார். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பேரப்பிள்ளைகளுடையது உட்பட ஒரே கோட்டில் அடுக்குகிறார். அண்ணி சிரிக்கிறார், பழகிவிட்டது. அவருக்கு ஓய்வூதியம் இருக்கிறது, கேன்டீன் அட்டை இருக்கிறது, மாதம் ஒருமுறை கூடிப்பேச பழைய கம்பெனிக்காரர்கள் இருக்கிறார்கள். பயத்தைப் பங்கு போட இன்னும் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

2022 ஜூன் 14-இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் போகிறவனுக்கு மொத்தமே நான்கு ஆண்டுதான், பயிற்சியும் சேர்த்து. பயிற்சிக்காலமும் முன்பைவிடக் குறைவு. முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய் சம்பளம், அதில் 9,000 நிதிக்குப் பிடித்துக்கொண்டு 21,000 கையில். நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரமாவார்கள். மற்றவர்களுக்கு ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி கிடைக்கும், ஓய்வூதியம் கிடையாது. துணைராணுவப் படைகளில் இட ஒதுக்கீடு, திறன் சான்றிதழ் என்று வாக்குறுதிகள் இருக்கின்றன. இந்தத் திட்டத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பணத்தையும் வேலையையும் படையின் பலத்தையும் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். நான் கேட்பது அதில் வராத ஒன்று. பதினெட்டு வயதில் முடியை எடுத்து, நடையை மாற்றி, சாப்பிடும் வேகத்தை மாற்றி, தூக்கத்தை மாற்றி, தனியாக முடிவெடுக்கும் பழக்கத்தையே எடுத்துவிட்டு, இருபத்திரண்டில் அவனைத் தனியாக ரயிலேற்றிவிடுகிறோம். ஏடிஎம் வாசலில், அடுக்குமாடிக் கேட்டில், இரவு முழுக்க ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும் வேலைதான் அவர்களில் பலருக்குக் காத்திருக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

உள்ளே எடுக்கும்போது முதல் வாரம் என்று ஒன்றைத் திட்டமிட்டு நடத்துகிற ராணுவத்தால், வெளியே அனுப்பும்போது கடைசி மாதம் என்று ஒன்றையும் நடத்த முடியும். மனநல ஆலோசகர் ஒருவர், ஊரில் என்ன செய்யப்போகிறாய் என்று குடும்பத்தையும் வைத்துக்கொண்டு ஒரு பேச்சு, ஒரே அணியில் இருந்தவர்கள் மாவட்டவாரியாகக் கூட ஓர் ஏற்பாடு. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மாவட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் கதவை இவர்களுக்கும் திறந்துவிட்டாலே பாதி வேலை முடியும். 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போன முதல் அணியின் நான்கு ஆண்டு 2026 இறுதியோடு முடிகிறது. வேலூர், திருப்பத்தூர், தருமபுரி என்று பிள்ளைகளை அதிகமாக அனுப்பிய மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்கவைக்க வேண்டியவர்கள் நாம்.